டாக்டர் புகழேந்தியின் பூஜ்யம்

ஸ்டூலின்மேல் நின்று கடைசி எண்ணை எழுதி முடித்தபோதுதான் வேல்விழிக்கு உறைத்தது. வருகிற புதன்கிழமை தன் வயிற்றைக் கிழிக்கப்போகிற டாக்டரின் பெயருக்கு நேரே பதினொரு சாவைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள்.

பெயிண்ட் இன்னும் காயவில்லை. கீழே அவள் கணவன் பாண்டி சாப்பாட்டுத் தூக்குவாளியோடு நின்று பலகையை வாய்விட்டு வாசித்தான்.

"டாக்டர் தனுஷ்கோடி, ஆபரேஷன் நானூத்திப் பன்னெண்டு, இறப்பு பதினொண்ணு. டாக்டர் புகழேந்தி, ஆபரேஷன் முந்நூத்தி எண்பது, இறப்பு பூஜ்யம்." அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஏ வேலு, உனக்குக் கல்லு எடுக்கப்போறது இதுல எந்த ஆளு?"

"மெதுவாப் பேசுங்க. மேல இருக்கவரு."

"மேல இருக்கவரா, மேல அனுப்புறவரா?"

வேல்விழி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். வலது விலாவுக்குக் கீழே பித்தப்பைக் கல் ஒருமுறை சுண்டி இழுத்தது.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில் இருந்தது அந்த அறக்கட்டளை ஆஸ்பத்திரி. அங்கே வேல்விழி ரெக்கார்டு கிளார்க். ஆஸ்பத்திரியின் முதலாளி ஊர்க்காவலனுக்கு அச்சங்குளத்தில் வெடிக் கம்பெனி உண்டு. கம்பெனி வாசலில் ஒரு பலகை தொங்கும். 'விபத்து இல்லாமல் கடந்த நாட்கள்' என்று எழுதி, தினமும் காலையில் எண்ணை மாற்றுவார்கள். அந்த எண் மூன்று இலக்கத்தைத் தொட்டால் முதலாளிக்கு முகம் மலர்ந்துவிடும். அதே மலர்ச்சியோடுதான் முந்தாநாள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்.

"ஏம்மா, வெடி போடுறவனுக்குக் கணக்கு இருக்கு. வயித்தக் கிழிக்கிறவனுக்கு இருக்க வேணாமா? இங்கன உள்ள ரெண்டு சர்ஜனும் எத்தனை ஆபரேஷன் பண்ணியிருக்காக, எத்தனை பேரு செத்திருக்காகன்னு வாசல்ல எழுதிப்போடு. சனம் பாத்துத் தெரிஞ்சுக்கிடட்டும்."

"கேஸ் கட்டையெல்லாம் பிரிச்சுப் பாக்கணும் சார். ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு நாள்."

கேஸ் கட்டுகள் மாடிப்படிக்கு அடியில் சணல் கட்டி அடுக்கிக் கிடந்தன. அவற்றில் பாதியை எலி வாசித்து முடித்திருந்தது. வேல்விழி குறுக்கு வழியில் போனாள். ஆபரேஷன் எண்ணிக்கைக்குத் தியேட்டர் ரிஜிஸ்டரை எடுத்தாள். இறப்புக்கு மாடத்தியின் நோட்டை வாங்கினாள்.

மாடத்தி தியேட்டர் ஆயா. இறந்தவர்களைத் துடைத்து, துணி மாற்றி, வீட்டாரிடம் ஒப்படைப்பது அவள் வேலை. ஒப்படைத்ததும் ஒரு நீள நோட்டில் இறந்தவர் பெயர், ஊர், நேரம், டாக்டர் என்று நான்கு கட்டத்தில் எழுதி வைப்பாள். அஞ்சாங்கிளாஸ் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கை கட்டி நிற்கும். இங்கே வருமுன் இருபது வருஷம் தாயில்பட்டிப் பக்கம் வெடிக் கம்பெனியில் மருந்து செலுத்தியவள். அவளுக்கு எந்த டாக்டர்மேலும் கோபம் கிடையாது. எந்த டாக்டரிடமும் ஆகவேண்டிய காரியமும் கிடையாது. இதைவிடச் சுத்தமான கணக்கு எங்கே கிடைக்கும் என்று வேல்விழி நினைத்தாள்.

மறுநாள் காலை இரண்டு டாக்டர்களும் பலகையைப் பார்த்தார்கள்.

தனுஷ்கோடிக்கு ஐம்பத்தைந்து வயது. சட்டைப்பையில் எப்போதும் மைக்கறை இருக்கும். பலகையை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார்.

"பதினொண்ணுதானாம்மா? எனக்குப் பதிமூணு முகம் ஞாபகத்துல இருக்கே."

சொல்லிவிட்டு மேற்குப் பக்கம் போய்விட்டார். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் காத்திருக்கிற தகரக் கொட்டகை அங்கேதான் இருந்தது. கொட்டகையை ஒட்டி ஒரு குழாய். தன் அறையில் வாஷ்பேசின் இருக்க, அவ்வளவு தூரம் நடந்துபோய் அந்தக் குழாயில் முகம் கழுவுவது அவர் வழக்கம். என்ன பழக்கமோ என்று வேல்விழி நினைத்துக்கொள்வாள்.

புகழேந்தி முப்பத்தாறு வயதுக்காரர். சட்டையில் மடிப்புக்கூடக் கலையாது. அவர் பலகைமுன் நெடுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தன் பெயருக்கு நேரே இருந்த பூஜ்யத்தை ஒரு விரலால் மெல்லத் தொட்டார். அது கையில் ஒட்டவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க. கையெழுத்து ரொம்ப அழகு," என்றார்.

மறுநாள் அவள் மேஜையில் ஒரு கிலோ சாத்தூர் காராச்சேவு இருந்தது. பித்தப்பைக் கல்காரி தொடக்கூடாத பண்டம். பாண்டி தின்றான்.

"அந்தப் பெரியவரு பதிமூணுன்னு அவரு வாயாலயே சொன்னாரா?" என்று காராச்சேவை மென்றபடி கேட்டான். "நீ ரெண்டு குறைச்சுல்ல எழுதியிருக்க. முதலாளிக்குத் தெரிஞ்சா வைவாரு."

வேல்விழிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முதல் தடவை தனுஷ்கோடியிடம் வயிற்றைக் காட்டியபோது, அவர் தன் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொட்டார். அந்தச் சூடு பட்ட கணத்திலேயே, இவர் கையில் கத்தி இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது. அந்தச் சூட்டுக்குப் பலகையில் கட்டம் இல்லை. இருந்திருந்தால் என்ன எண் போட்டிருப்பாள்? அவளே எழுதிய பதினொன்று இப்போது அவளையே வெறித்துப் பார்த்தது. யாரோ எழுதியிருந்தால் சந்தேகப்படலாம். தன் கையெழுத்தை எப்படிச் சந்தேகப்படுவது?

திங்கட்கிழமை தனுஷ்கோடியிடம் போனாள்.

"சார், புதன்கிழமை மாமியார் ஊர்ல சாமி கும்பிடு. ஆபரேஷன் கொஞ்ச நாள் போகட்டும்."

"கும்பிட்டுட்டு வாம்மா. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடாத. வலி வந்தா உடனே வந்துரணும், என்ன?"

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கே புகழேந்தியிடம் ரிப்போர்ட்டைக் காட்டினாள். அவர் அதை வெடிக்காத சரத்தைப் பிடிப்பதுபோல ஓரத்தில் பிடித்தார்.

"ரத்தம் எட்டு கிராம். சர்க்கரை இருநூறு. கல் எத்தனை?"

"மூணு சார்."

"மூணுதானே. இருந்துட்டுப் போகட்டும்."

"வலிக்குது சார்."

"வலி வேற, கல் வேற. முதல்ல ரத்தத்தை ஏத்துங்க. பேரீச்சம்பழம் சாப்பிடுங்க."

பேரீச்சம்பழம் சாப்பிட்டதில் ரத்தம் கொஞ்சமும் சர்க்கரை நிறையவும் ஏறின. சர்க்கரையைக் குறைக்கப் பட்டினி கிடந்ததில் ரத்தம் இறங்கியது. ஒரு மாதம் இப்படியே ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தாள்.

அந்த ஒரு மாதத்தில் புகழேந்தி தொண்ணூறு ஆபரேஷன் செய்திருந்தார். அதில் அறுபது கால் ஆணி. மீதி மரு, கொழுப்புக்கட்டி. நடக்க முடிந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டுப் புகழேந்தியிடம் போனார்கள். படிக்க முடியாத நிலையில் தூக்கிவரப்பட்டவர்கள் தனுஷ்கோடியிடம் போனார்கள்.

ஒரு வியாழக்கிழமை புகழேந்தியின் கார் தியேட்டர் பின்வாசலிலிருந்து சீக்கிரமே கிளம்பிப் போனது. மேற்குக் குழாயில் தனுஷ்கோடி முகம் கழுவிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மாடத்தி நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வேல்விழி எந்தக் கேஸ் என்று கேட்கவில்லை. பதினொன்றை அழித்துப் பன்னிரண்டு ஆக்கினாள்.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றாள்.

"சார், கால் ஆணியும் ஆபரேஷன், குடல் ஓட்டையும் ஆபரேஷன்னா கணக்கு சரியா வராது. கேஸ் எம்புட்டுக் கஷ்டம்னும் சேத்து எழுதணும் சார்."

முதலாளி கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது அதில் வெளிச்சம் இருந்தது.

"ஏம்மா, இதக் கம்பெனியில அன்னைக்கே செஞ்சிட்டமே. குருவி வெடி செய்யிறவனும் அணுகுண்டு செய்யிறவனும் ஒண்ணா? மூணு தரமாப் பிரி. சின்னக் கேஸ் குருவி வெடி, நடுக் கேஸ் லட்சுமி வெடி, பெரிய கேஸ் அணுகுண்டு. குருவிக்கு ஒரு மார்க்கு, லட்சுமிக்கு அஞ்சு, அணுகுண்டு பொழச்சா இருபது."

"நோயாளிக்கு அப்படியேவா சார் சொல்றது?"

"இந்த ஊர்ல எவனுக்கு வெடி தெரியாது? இங்கிலீஷ்ல சொன்னாத்தான் முழிப்பான்."

அது உண்மைதான். ஒரே வாரத்தில் சீட்டு வாங்கும் ஜன்னலில் ஜனங்கள் சகஜமாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்கு என்ன வெடி போட்டிருக்காக?"

"லட்சுமி."

"போன தடவை குருவின்னுதானே சொன்னீக. பெரிசாயிருச்சா?"

எந்தக் கேஸ் என்ன வெடி என்று தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர்தான். புகழேந்தி கவனமானவர். ஒவ்வொரு கால் ஆணியையும் நெடுநேரம் உற்றுப் பார்த்து, அதன் ஆழம், அக்கம்பக்கத்து நரம்பு, நோயாளியின் வயது, மனநிலை எல்லாவற்றையும் யோசித்து, கடைசியில் அணுகுண்டு என்று எழுதினார்.

தாயில்பட்டி இருளாண்டிக்கு இடது குதிகாலில் ஆணி. சீட்டில் அணுகுண்டு என்று பார்த்ததும் பேசாமல் ஊருக்குத் திரும்பிப் போனார். மறுநாள் லோடு ஆட்டோவில் நாற்பது பேரோடு வந்து இறங்கினார். மூத்த மகளுக்கு வீடு, இளையவளுக்குப் பசுமாடு என்று சொல்லி முடித்திருந்தார். பத்து வருஷமாகப் பேசாத தம்பி அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். கட்டிக்கொண்டது ஆணி இருந்த கால். இருளாண்டி போட்ட அலறலில் கூட்டம் மொத்தமும் அழுதது.

பத்து நிமிஷத்தில் ஆபரேஷன் முடிந்தது. இருளாண்டி நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். செத்துப் பிழைத்த மனிதரைக் கண்டதும் உறவினர்கள் ஆட்டோவிலிருந்து ஐயாயிரம்வாலாவை இறக்கி, ஆஸ்பத்திரி வாசலிலேயே கொளுத்திவிட்டார்கள். அதை எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று வாட்ச்மேன் கேட்டதற்கு, "ரெண்டுல எதுன்னாலும் வெடி வேணும்ல," என்றான் தம்பி.

அந்தச் சத்தத்தில் ஆண்கள் வார்டில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒருவருக்குத் தூக்கிவாரிப்போட்டு, எழுந்த வேகத்தில் தையல் பிரிந்துபோனது. அவர் தனுஷ்கோடியின் நோயாளி. புகழேந்திக்கு இருபது மார்க் ஏறியது. தனுஷ்கோடிக்கு ஐந்து குறைந்தது.

வேல்விழி அந்த ஐந்தை எழுதும்போது தனுஷ்கோடி பின்னால் வந்து நின்றார்.

"மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறியாம்மா?"

"சாப்பிடுறேன் சார்."

"சாமி கும்பிட்டாச்சா?"

"இன்னும் இல்ல சார். தள்ளிப்போயிருச்சு."

"சரி. சாமிக்கென்ன அவசரம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரிந்துதான் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா? பொய் சொன்னதைவிட, அந்தப் பொய்யை அவர் இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டதுதான் அவளை என்னவோ செய்தது. ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரியதாக இருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கிற மகள் எழிலுக்குத் தலை பின்னத் தெரியாது. தான் இல்லாமல் போனால் யார் பின்னிவிடுவார்கள் என்று யோசித்தால் வயிற்றில் இருக்கிற மூன்று கல்லும் ஒன்றாகப் புரளும்.

ஐப்பசியில் பாண்டி ஒரு காலண்டரைச் சுருட்டிக்கொண்டு வந்தான். சிவகாசியில் ஓர் அச்சாபீசில் அவனுக்குக் கட்டிங் மிஷின் வேலை.

"உங்க முதலாளி ஆர்டர். அம்பதாயிரம். நான்தான் வெட்டுனேன்."

2008ஆம் வருஷத் தினசரிக் காலண்டர். மத்தாப்பு பிடித்த குழந்தையின் படம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'எங்கள் மருத்துவமனை: டாக்டர் புகழேந்தி, இறப்பு பூஜ்யம்.' தனுஷ்கோடி பெயரை விட்டிருந்தார்கள்.

"எல்லா வெடிக் கம்பெனிக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகுதாம்," என்று சுவரில் ஆணி அடித்து மாட்டினான். "எப்படியாவது இந்தாளையே பிடிச்சிரு."

மறுநாள் புகழேந்தி அறையில் அதே காலண்டர் தொங்கியது. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார்.

"அம்பதாயிரம் அடிச்சுட்டாங்க," என்றார். "வருஷம் முழுக்க மாத்த முடியாது. நீங்களே சொல்லுங்க, இனிமே நான் எப்படி உங்களைத் தொடுறது?"

"நீங்க தொடலைன்னா நான் எங்க சார் போறது?"

அவர் மேஜையைப் பார்த்தார். சட்டென்று வேல்விழிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஒரு பூஜ்யத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தளும்பாமல் நடக்கிற மனிதர். அதை அவர் தலையில் வைத்தவள் அவள்தான். அந்த எண்ணத்திலிருந்துதான் வழி பிறந்தது.

"சார், பலகை எழுதுறது நான்தானே?"

"ஆமா."

"என் கேஸை எழுதாம விட்டுட்டா? பொழச்சாலும் வேணாம், போயிட்டாலும் வேணாம். நான் எந்தக் கணக்குலயும் வரல. உங்க பூஜ்யம் அப்படியே இருக்கும்."

அவர் நிமிர்ந்தார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு டாக்டர் தெரிந்தார்.

"வெள்ளிக்கிழமை வாங்க," என்றார். "காலைல ஒண்ணும் சாப்பிடாம வரணும்."

ஜெயித்துவிட்டோம் என்றுதான் வெளியே வந்தாள். தாழ்வாரத்தைக் கடக்கும்போதுதான், ஆஸ்பத்திரியிலேயே செத்தாலும் எண்ணப்படாத ஒரே ஆள் தான்தான் என்பது புரிந்தது. நாலு பேர் பார்க்க எழுதிப்போடவேண்டும் என்று தொடங்கிய பலகை. அதை எழுதுகிறவளே தன்னை மட்டும் அழித்துவிட்டுக் கொல்லைப்புறமாக நுழைகிறாள். இதைப் பாண்டியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, சொல்லாமலே விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எழிலுக்கு இறுக்கமாக இரட்டைப்பின்னல் போட்டுவிட்டு வந்தாள். மூன்று நாளைக்குக் கலையாது.

பாண்டி மேற்குக் கொட்டகையில் காராச்சேவுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தான். "நான் இங்கனதான் இருக்கேன். பூஜ்யம்டா சாமின்னு தைரியமாப் போயிட்டு வா," என்றான். பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை.

மயக்கத்துக்கு முன்னால் போடுகிற ஊசி போட்டாகிவிட்டது. நாக்கு வறண்டது. பச்சை அங்கியில் டிராலியில் படுத்திருந்தவளை மாடத்தி தள்ளிக்கொண்டு போனாள். தாழ்வார ஜன்னலில் பின்வாசல் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. புகழேந்தியின் கார் ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது. தியேட்டர் கதவின் வட்டக் கண்ணாடிக்குள் அவர் இரண்டு கைகளையும் உயர்த்தி, கண்ணை மூடி நின்றார். சாமி கும்பிடுகிறாரா, கை உலரக் காத்திருக்கிறாரா என்று தெரியவில்லை.

கதவுக்கு ஓரடி முன்னால்தான் வேல்விழிக்கு அந்த நோட்டு ஞாபகம் வந்தது. பலகையைத் தான் பார்த்துக்கொள்ளலாம். நோட்டு? அவள் மாடத்தியின் கையை எட்டிப் பிடித்தாள். நகக்கண்களில் பழைய வெடிமருந்தின் சாம்பல் நிறம் இன்னும் போகவில்லை.

"மாடத்தியக்கா, ஒண்ணு கேப்பேன், தட்டக்கூடாது."

"சொல்லு தாயி."

"எனக்கு எதாச்சும் ஆயிட்டா, உங்க நோட்டுல புகழேந்தி சார் பேரை எழுதிராதீக. வாக்குக் குடுத்திருக்கேன்."

மாடத்தி டிராலியை நிறுத்தினாள். வேல்விழியின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு முழங்கையால் கதவைத் தள்ளித் திறந்தபடி சொன்னாள்:

"அவரு பேரை நான் எதுக்குத் தாயி எழுதப்போறேன்? எங்க வெடிக் கம்பெனியில எந்த ரூம்ல வெடிச்சாலும் வாசலுக்கு வந்து வீட்டாளுககிட்டச் சொல்ற ஃபோர்மேன் பேர்லதான் எழுதுவாக, நானும் அதே மாதிரிதான் எழுதுறேன். இங்கன யாரு டேபிள்ல செத்தாலும் கொட்டகைக்கு வந்து சொல்றது நம்ம தனுஷ்கோடி சார் ஒருத்தருதான்."